பருப்பு உருண்டைப் பக்கம்

துவரம் பருப்பை நான் ஏழு தண்ணீர் கழுவுவேன். கடையில் வாங்கிய பாக்கெட் பருப்பானாலும் ஏழுதான். மருமகள் முதலில் சிரித்தாள், பிறகு கோபப்பட்டாள், இப்போது பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். "எங்க மாமியாருக்குத் தண்ணிப் பைத்தியம்" என்று அவள் தன் அம்மாவிடம் போனில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். சொல்லிவிட்டுப் போகட்டும். அறுபதைத் தாண்டியவர்களே, உங்களிடமும் இப்படி ஒரு கிறுக்கு இருக்கும். கேஸை மூடினோமா என்று மூன்று முறை பார்ப்பவர் இருப்பீர்கள், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டும் பாதி வழியில் திரும்பி வருபவர் இருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பழைய பயம் இருக்கும். என் பயம் எது என்பதை ஐம்பது வருடங்களுக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். போன மாதம்தான் ஒருவரிடம் சொன்னேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, இனி உங்களிடமும் சொல்லலாம்.

எனக்கு அப்போது பத்து வயது. இண்டூருக்குப் பக்கத்து ஊர். ஆடிப் பட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது, மழையைத்தான் காணோம். அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். வீட்டில் அப்பா, சித்தப்பா, நான், நாலு வயதுத் தம்பி, புதுசாக வந்த சித்தி. சித்திக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மொத்த அடுப்படியும் அவர் தலையில் விழுந்துவிட்டது.

சித்தி தர்மபுரி டவுனில் வளர்ந்தவர். களி கிண்டத் தெரியாது. துடுப்பைப் பிடிக்கத் தெரியாது. முதல் நாள் கிண்டிய களியில் எலுமிச்சங்காய் அளவுக்கு மாவுக் கட்டிகள். அப்பா கட்டிகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைத்தார். அதைப் பார்த்து சித்தி அழுதார். ஆனால் அவர் பெட்டியில் ஒரு சமையல் புத்தகம் இருந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு புத்தகத்தை யாரும் பார்த்ததில்லை. சோறாக்கப் புத்தகமா என்று தண்ணீர் எடுக்கும் இடத்தில் பெண்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

அது சித்தியின் அம்மாவுடைய புத்தகம். அந்த அம்மா சித்திக்கு ஆறு வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அட்டை கிழிந்து, பழைய புடவைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. தையல் விட்டுப்போய்த் தாள்கள் தனித்தனியாக வரும். புரட்டினால் மஞ்சளும் பெருங்காயமும் மணக்கும். ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் அந்த அம்மா எழுதி வைத்திருந்தார். "உப்பு பாதி போதும்." "இவருக்குப் பிடித்தது." "மழை நாளில் செய்." சித்திக்குத் தன் அம்மாவின் முகம் ஞாபகம் இல்லை, கையெழுத்துதான் தெரியும். கைப்பக்குவத்தை மற்றவர்கள் பார்த்துக் கற்றார்கள், சித்தி படித்துக் கற்க வேண்டியிருந்தது.

எங்கள் அடுப்படி புகையில் எழுத்துத் தெரியாது. அதனால் தேவையான தாளை மட்டும் உருவிக்கொண்டு நான் வாசல்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன், சித்தி உள்ளே செய்வார். புத்தகத்தில் அளவு ஆழாக்கு என்றும் பலம் என்றும் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் படியும் கைப்பிடியும்தான். இருவரும் சேர்ந்து குத்துமதிப்பாக ஒரு கணக்குக்கு வருவோம். ஒருநாள் "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்" என்று படித்தேன். "பொன்னிறம்னா எந்த அளவுக்குப் பாப்பா?" என்றார் சித்தி. எனக்கென்ன தெரியும். சித்தி கழுத்துத் தாலியைத் தூக்கி வாணலிக்கு மேலே பிடித்து வெங்காயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்" என்றேன் நான். வெங்காயம் கருகிவிட்டது. அன்று சிரித்த சிரிப்பில் இருவருக்கும் வயிறு வலித்தது. நான் சமைக்கக் கற்றது இப்படித்தான், இரண்டு பேருமே தெரியாதவர்களாக இருந்து.

இனி பயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் உள்ரூம் என்று ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. ராகிக் குதிர் அங்கேதான் நிற்கும். குதிருக்குப் பின்னால் துவரைப் பானை. தை மாதம் துவரை அடித்ததும் வண்டு விழாமல் இருக்கச் செம்மண் கரைத்துப் புரட்டிக் காயவைத்துப் பானையில் போட்டுவிடுவோம். அள்ளினால் கையெல்லாம் சிவப்பு ஒட்டும். சமைக்கும்போது மண் போகக் கழுவி ஊறப்போட வேண்டும். இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். துவரை என்றாலே சிவப்பாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அம்மா ஊருக்குப் போன மறுவாரம் குதிருக்குப் பின்னாலிருந்து சித்தப்பா ஒரு பாம்புச் சட்டையைக் கம்பில் தூக்கிக்கொண்டு வந்தார். என் உயரத்துக்கு மேல் இருந்தது. பாம்பைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. "அது எப்பவோ போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். பெரியவர்களுக்கு அதோடு முடிந்தது. எனக்கு அன்றுதான் ஆரம்பித்தது. உள்ரூம் வாசலைத் தாண்டும்போதெல்லாம் குதிருக்குப் பின்னால் ஏதோ சரசரக்கும். பானையில் கை விடுவதை நினைத்தாலே விரல் நுனி சில்லிட்டுப் போகும்.

உள்ரூம் கதவுக்கு வெளியே, ஆணியில், ஒரு துணிப்பை தொங்கியது. விவசாய டெப்போவிலிருந்து அப்பா வாங்கி வந்த துவரை விதை. மாட்டும்போது அப்பா என்னிடம் சொன்னார். "பாப்பா, இதத் தொடாத. வெத." அவ்வளவுதான் சொன்னார். விதையைத் தின்னக்கூடாது என்பது விவசாயி வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்ததுதான், விதைக்க வேண்டியதைத் தின்றால் விதைப்பதற்கு என்ன இருக்கும். அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதில் மருந்து கலந்திருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருப்பார்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பாலக்கோட்டிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. புது மருமகளுக்கு ஒரு இழவும் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். சித்தி புத்தகத்தை இரண்டு நாள் புரட்டிப் பருப்பு உருண்டைக் குழம்பு என்று முடிவு செய்தார். குழம்பில் போட்டால் உருண்டை உடைந்து கரைந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவர் அம்மா எழுதியிருந்தார்: "பயப்படாமல் போடு. உடையாது." அதை என்னை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பாப்பா, ஒரு படி தொவர எடுத்துக் கழுவி ஊறப்போடு கண்ணு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் படியோடு உள்ரூம் வாசலில் நின்றேன். ஒரு காலை உள்ளே வைத்தேன். சரசரவென்று சத்தம். எலியாக இருந்திருக்கலாம். படியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டேன். கண்ணெதிரே அந்தப் பை. அதுவும் துவரைதான், அதுவும் சிவப்புத்தான். ஒரு படி குறைந்தால் அப்பாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவிழ்த்தேன், அளந்தேன், எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டு மறுபடியும் கட்டினேன்.

கழுவும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் வரவில்லை. ரோஸ் நிறத்தில் வந்தது. பார்த்தேன். ஒரு மருந்து வாடையும் அடித்தது. அதையும் மோந்தேன். மறுபடி கழுவினேன், மறுபடி ரோஸ். தப்பு செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன தப்பு என்று தெரியவில்லை. விதையைத் திருடிய தப்பு என்றுதான் நினைத்தேன். அந்த நிறம் போய்விட்டால் தப்பும் போய்விடும் என்று கழுவிக் கழுவி ஊறப்போட்டேன். காலையில் ஊறிய துவரையைத் தோல் போகத் தேய்த்து மறுபடி கழுவி, தண்ணீரைக் கொல்லையில் ஊற்றினேன். சித்தி வந்து பார்த்தபோது முறத்தில் பருப்பு மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. "அடேங்கப்பா, என்னா சுத்தம்" என்று என் தாடையைப் பிடித்துக் கொஞ்சினார். பிறகு என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கையென்னா இப்பிடிச் செவந்திருக்கு?"

"மருதாணி சித்தி."

நான் வாசல்படியில் உட்கார்ந்து படித்தேன், சித்தி அரைத்தார், உருட்டினார். குழம்புக்குக் கசகசா அரைத்து ஊற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் ஊர்க் கடையில் அது கிடைக்காது. சித்தி தன் பெட்டியைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தார். உருண்டைகளை ஒவ்வொன்றாகக் குழம்பில் விட்டார். ஒன்றுகூட உடையவில்லை. சித்தியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மதியம் அப்பா, சித்தப்பா, விருந்தாளி என்பதால் அத்தை, மூவரும் உட்கார்ந்தார்கள். தம்பிக்குத் தனித் தட்டு. சித்தி பரிமாறினார். "பரவால்ல, டவுனுக்காரி தேறிட்டா" என்று அத்தையே சொன்னார். குடிக்க இன்னும் தண்ணீர் வேண்டும் என்று என்னைக் கொல்லைக்கு அனுப்பினார்கள். அங்கே, நான் காலையில் ஊற்றிய தண்ணீர் தேங்கிய பள்ளத்துக்குப் பக்கத்தில், மூன்று கோழிக்குஞ்சுகள் காலை நீட்டிக் கிடந்தன. தாய்க்கோழி அவற்றை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மருந்து தெளித்த வயலில் காக்கை அப்படிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. உள்ளே ஓடினேன். தம்பி உருண்டையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். தட்டைக் காலால் எத்திவிட்டேன், அவன் கையையும் தட்டிவிட்டேன். அத்தை எட்டி என் முதுகில் ஓங்கி அறைந்தார். "சோத்த எத்துதே, பொட்டப் புள்ளயா இது!"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சாப்பிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை. சொன்னால் விதையைத் திருடியதைச் சொல்ல வேண்டும், மருதாணி பொய் என்று சொல்ல வேண்டும். சித்தி அப்பாவுக்கு இரண்டாவது தரம் குழம்பு ஊற்றினார். நான் சுவரோடு ஒட்டி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியைக் காப்பாற்றினேன், அப்பாவைக் காப்பாற்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் அத்தை வாந்தி எடுத்தார். பிறகு சித்தப்பா. அப்பா எழுந்திருக்க முயன்று தூணைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். பக்கத்து வீட்டு டிராக்டரில் மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் படித்துக்கொண்டிருந்த தாள் என் பாவாடை இடுப்பில் செருகியபடியே இருந்தது. குஞ்சுகளை வைக்கோல் போருக்கு அடியில் புதைத்தேன். யாரும் பார்க்கவில்லை. நாலு நாள் அப்பா செத்துவிட்டார் என்ற செய்திக்காகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூவரும் பிழைத்தார்கள். நன்றாகக் கழுவித் தோல் உரித்ததால் பிழைத்திருப்பார்கள் என்பது இன்றைக்கு நான் போடும் கணக்கு. வயலுக்கு அடிக்கும் மருந்து ஏதாவது கலந்ததா என்று டாக்டர் கேட்டாராம். அப்பா ஆள் அனுப்பி விதைப்பையைப் பார்க்கச் சொன்னார். பை கட்டியபடி ஆணியில் இருக்கிறது என்று வந்தவர் சொல்லிவிட்டார். பிறகு வேறு எதைத் தேடுவது? சித்தியைத்தான் தேடினார்கள்.

அப்பா வீடு வந்த அன்று கூடத்தில் ஒரு பத்துப் பேர். சித்தி சுவரோரம் நின்றார்.

"நான் தின்னன், என் தம்பிங்க ரெண்டு பேரும் தின்னாங்க. இவ ஒரு வாய் திங்கல. ஏன் திங்கலன்னு கேளுங்க" என்றார் அத்தை.

"நீங்கெல்லாம் சாப்ட்டுட்டு எழுந்தப்புறந்தானங்க நாங்க உக்காருவோம்" என்றார் சித்தி. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் கடைசியில் சாப்பிடுகிறவள்தான். ஒருத்திகூட அதை எடுத்துச் சொல்லவில்லை.

அத்தை என்னைக் கூப்பிட்டார். "நீதான படிச்சிச் சொன்ன. அதுல என்னா போட்டா இவ? சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா பாயில் படுத்தபடி பார்த்தார். சித்தியும் பார்த்தார், நான் உண்மையைச் சொல்வேன் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "சித்தி பொட்டியிலருந்து ஒரு பொட்டலம் எடுத்தாந்து அரச்சி ஊத்துனாங்க" என்றேன்.

அவ்வளவு போதுமாக இருந்தது. பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார்கள். யாரோ ஒருவர் இது அபினிச் செடியின் விதை என்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். புத்தகத்தைப் பார்த்துச் சமைத்தால் இப்படித்தான் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். வேண்டுமென்று செய்தாள் என்று பாதிப் பேர், தெரியாமல் செய்தாள் என்று மீதிப் பேர். அவள் கையால் இனி யாரும் சாப்பிடுவதில்லை என்பதில் எல்லோரும் ஒன்று. சித்தப்பா புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனார். சித்தி பின்னாலேயே போய், "குடுங்க, நானே வெக்கறன்" என்று வாங்கிக்கொண்டார். அப்பாவுக்கு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. தாள் தாளாக அடுப்பில் வைத்தார். நான் அடுத்த அறையில் நின்று எண்ணாமல் இருக்க முயன்றேன்.

பத்து நாளில் மழை வந்தது. அப்பா விதைக்கப் பையை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா எப்போதும் பைக்குச் சுருக்கு முடிச்சுத்தான் போடுவார். பையின் வாயில் இருந்தது இரண்டு காது வைத்த பூ முடிச்சு, ரிப்பனில் சடைக்குப் போடுவது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு என் சடையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பை எடை குறைந்திருந்ததும் அவர் கைக்குத் தெரிந்திருக்கும்.

"என்னாண்ணா, கொறயுதா?" என்றார் சித்தப்பா.

"எலி பூந்திருக்கும்" என்றார் அப்பா.

அந்த விதையைத் தின்று எந்த எலியும் நடமாடாது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அப்போது உயிர் வந்தது. இப்போது யோசித்தால் அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. தன் பெண்ணைக் காப்பாற்றத் தம்பி பெண்டாட்டியைக் கைவிட்டார். அவர் சாகிறவரை நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை. சித்தியும் சித்தப்பாவும் தனி அடுப்பு வைத்து, அப்புறம் அதியமான்கோட்டைக்கே குடிபோய்விட்டார்கள். விசேஷ வீடுகளில் சித்தி அடுப்படிப் பக்கமே வரமாட்டார். வெற்றிலைத் தட்டை மட்டும் எடுத்துக் கொடுப்பார். நான் அவரைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுவேன்.

பாவாடையில் செருகிய அந்தத் தாள் என்னிடமே இருந்தது. எரிக்கவும் பயம், கொடுக்கவும் பயம். கல்யாணமாகிப் போனபோது பெட்டிக்கு அடியில் போட்டு எடுத்துப்போனேன். போன மாதம் பேத்தி அதைத் தோண்டி எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பயப்படாமல் போடு. உடையாது. யாரு ஆயா எழுதுனது?" என்றாள். மறுநாள் அதியமான்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

சித்திக்கு எழுபதுக்கு மேல். சித்தப்பா இல்லை. ஹைவே லாரிச் சத்தம் கேட்கிற ஓட்டு வீடு. கூடத்தில் உட்கார்ந்து தாளைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், உள்ரூமிலிருந்து பூ முடிச்சு வரைக்கும். சித்தி கண்ணாடி போட்டுக்கொண்டு பென்சில் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் விரல் நிற்கவில்லை.

"மருதாணின்னு சொன்ன. நானும் நம்பிட்டன்" என்றார். பிறகு, "ஒரு ஸ்பூன் கசகசாதான் பாப்பா போட்டன். இல்ல ரெண்டு ஸ்பூனா, இல்ல அதுல வேற என்னமாவது கலந்துட்டனான்னு இத்தன வருசமா நெனச்சிக்கினே இருக்கறன்" என்றார்.

திட்டுவார் என்று போயிருந்தேன். திட்டவில்லை, அழவும் இல்லை. எழுந்து உள்ளே போனார். பருப்பு ஊறிக்கொண்டிருந்தது போலிருக்கிறது, மிக்ஸி ஓடியது. நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று கை காட்டிவிட்டார். தாளைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நாலு உருண்டை வைத்து என் முன்னால் தட்டை வைத்தார். எதிரில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பிசைந்தேன். கை வாய்க்குப் போகவில்லை. என்னையும் மீறி வார்த்தை வந்துவிட்டது.

"நீங்க சாப்புடலயா சித்தி?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியது. அத்தை கூடத்தில் கேட்ட அதே கேள்வி, அதே பயம், இப்போது என் வாயிலிருந்து. சித்தி கையை நீட்டி என் தட்டிலிருந்தே ஒரு உருண்டையை எடுத்து, முழுசாக வாயில் போட்டு, மென்று விழுங்கினார்.

"போதுமா பாப்பா?" என்றார்.